பொத்தான் யார் பக்கம்?

2025 அக்டோபர் 1ஆம் தேதி முதல் யூபிஐயில் ஒரு வசதி இல்லை. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபரிடம் 'எனக்கு இவ்வளவு பணம் அனுப்பு' என்று செயலி வழியாகவே கேட்கும் வசதி அது. 'கலெக்ட் ரெக்வெஸ்ட்' என்பார்கள். யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் (என்பிசிஐ) அதை நிறுத்திவிட்டது.

அந்த வசதியால் பணத்தை இழந்தவர்களின் கதை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் கட்டிலையோ தையல் மெஷினையோ விற்கலாம் என்று இணையத்தில் விளம்பரம் கொடுப்பார்கள். ஒருவர் கூப்பிடுவார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கு ஒத்துக்கொள்வார். "அட்வான்ஸ் அனுப்புறேன், உங்க ஃபோன்ல வரும், பின் நம்பர் போட்டா கணக்குல ஏறிடும்" என்பார். சொன்னபடியே ஃபோனில் ஒரு திரை வரும். அவர் சொன்ன அதே தொகை பெரிய எழுத்தில் இருக்கும். அவர் பெயர் இருக்கும். கீழே ஒரு பொத்தான். பின் போட்டவுடன் பணம் நம் கணக்கிலிருந்து கிளம்பிப் போய்விடும்.

நாம் பணம் அனுப்பும்போது வரும் திரையும் இப்படித்தான் இருக்கும்: தொகை, பெயர், பொத்தான், பின். வருகிற பணமா போகிற பணமா என்பதைச் சொல்லும் ஒரே சொல் ஆங்கிலத்தில் சிறியதாக ஓர் ஓரத்தில் கிடந்தது. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை என்று வங்கிகளும் ரிசர்வ் வங்கியும் ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தன, குறுஞ்செய்தி அனுப்பின. இடையில் இப்படிக் கேட்கும் தொகைக்கு 2,000 ரூபாய் உச்சவரம்பு வைத்துப் பார்த்தார்கள். ஏமாற்று நிற்கவில்லை. கடைசியில் வசதியையே எடுத்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது. 2016இல் யூபிஐ தொடங்கியதிலிருந்து ஒன்பது ஆண்டுகள், ஏமாந்தவர்கள் விவரமில்லாதவர்கள் என்றே பேசப்பட்டார்கள். அந்தத் திரையை அப்படி வடிவமைத்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

மென்பொருள்மீது சாதாரண மக்களுக்கு இருக்கும் எரிச்சலை ஆராயப் புகுந்தால் முதலில் தட்டுப்படுவது இந்தப் பழிதான். நவி மும்பையின் ஐரோலியில் அது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. தாணே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய இந்த எம்ஐடிசி தொழிற்பேட்டை நிலம் ஒரு காலத்தில் ரசாயன ஆலைகளுக்கும் மருந்து ஆலைகளுக்கும் உரியது. இன்று மைண்ட்ஸ்பேஸ் வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பத்னி கம்ப்யூட்டர்ஸ் இங்கே கட்டிய வளாகம் 2011இல் ஐகேட்டுக்கும், 2015இல் கேப்ஜெமினிக்கும் கைமாறியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபியின் தரவு மையம் ஒன்றும் இங்கே இருக்கிறது. உலகத்துக்கு மென்பொருள் எழுதும் கைகளும் அதைச் சேமித்து வைக்கும் இயந்திரங்களும் ஒரே சாலையில் இருக்கின்றன. அதே சாலையில் ஆட்டோ ஓட்டுபவர்கள், டப்பா கொண்டுபோகிறவர்கள், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள் எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது. ஏதாவது செயலி மக்கர் செய்தால் அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "எனக்கு ஃபோன் சரியா பாக்கத் தெரியாதுங்க." பெரியவர்கள் பேரப்பிள்ளையிடம் நீட்டுகிறார்கள். பிள்ளை சலித்துக்கொண்டே இரண்டு தட்டுத் தட்டிக் கொடுக்கிறது. பெரியவர் இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போகிறார்.

அமெரிக்க அறிஞர் டான் நார்மன் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். மோசமாக வடிவமைத்த கதவு, அடுப்பு, தொலைபேசி ஆகியவற்றோடு மல்லுக்கட்டும் மனிதர்கள் குறையைத் தங்கள்மீதே போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. இழுக்க வேண்டிய கதவைத் தள்ளுகிறவன் முட்டாள் அல்ல, தள்ளச் சொல்கிறபடி கைப்பிடி வைத்தவன்தான் தவறியவன். நாற்பது ஆண்டுகளை நெருங்கும் இந்த வாதம் நம் ஊர்ச் செயலிகளை எழுதுகிறவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏன் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி.

எரிச்சல்கள் எல்லாம் ஒரே ரகமும் அல்ல. சில, நல்ல நோக்கத்தில் வைத்த விதியைச் சரியாகச் சொல்லத் தெரியாததால் வருபவை. மும்பை லோக்கல் ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். யூடிஎஸ் செயலி 2014 கடைசியில் இந்த நகரத்தில் அறிமுகமானது. 2025 ஜூலையில் ரயில்ஒன் செயலி வந்தது. காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள்ளோ தண்டவாளத்துக்குப் பக்கத்திலோ நின்றுகொண்டு எடுக்க முடியாது. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்த பிறகு அவசரமாக டிக்கெட் போடுகிறவர்களைத் தடுக்க வைத்த விதி அது. நியாயமான விதிதான். ஆனால் தாணேயிலிருந்து ஐரோலி வழியாக 2004இல் வந்த ரயில் பாதையில் தினமும் ஏறி இறங்கும் கூட்டத்தில், படியேறி நடைமேடைக்கு வந்த பிறகு ஃபோனை எடுக்கும் புது ஆளுக்கு அந்த விதி எப்படித் தெரியும்? செயலி முடியாது என்கிறது. இன்னும் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் நகர வேண்டும் என்று சொல்வதில்லை. ஜிபிஎஸ் கொஞ்சம் தடுமாறினால் வெளியே சாலையில் நிற்பவரும் உள்ளே நிற்பவராகிவிடுகிறார். "இந்தப் பக்கம் ஐம்பது அடி நடங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சங்கடம் இது.

ஊருக்குப் போகும் டிக்கெட்டின் கதை வேறு. மும்பைத் தமிழர்களுக்குத் தீபாவளி, பொங்கல், கோவில் கொடை என்றால் தாதரிலிருந்து திருநெல்வேலிக்கும் சிஎஸ்எம்டியிலிருந்து நாகர்கோவிலுக்கும் போகும் வண்டிகள்தான் நினைவுக்கு வரும். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி என்று தட்கல் திறக்கும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆண்டாண்டுகளாகப் பயணிகள் தங்கள் இணையம் மெதுவானது, தங்கள் விரல் மெதுவானது என்றே நம்பினார்கள். 2025இல் ரயில்வே அமைச்சகம் சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக்கு மேற்பட்ட ஐஆர்சிடிசி கணக்குகளை முடக்கியதாக அறிவித்தது. அந்த ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே தட்கல் என்றும், முதல் அரைமணி நேரம் முகவர்களுக்கு இல்லை என்றும் விதி வந்தது. அதாவது மனித விரல் இத்தனை காலம் தானியங்கி நிரல்களோடு போட்டிபோட்டுக்கொண்டிருந்தது. எழுத்துகளைக் கோணலாகக் காட்டிப் படிக்கச் சொல்லும் சோதனை, அறுபது வயதுக் கண்ணைத்தான் தடுத்தது.

இவை கவனக்குறைவின் விளைவுகள். இன்னொரு ரகம் திட்டமிட்டது. 2010இல் பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் அதற்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். பயனாளி விரும்பாததைச் செய்ய வைப்பதற்கென்றே கட்டிய திரை அது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதற்கு எதிராக வழிகாட்டு விதிகளை வெளியிட்டு 13 தந்திரங்களைப் பட்டியலிட்டது. கூடையில் கேட்காத பொருளைச் சேர்ப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் குற்றவுணர்வுக்குள்ளாக்குவது, முதலில் ஒரு விலையும் கடைசியில் வேறு விலையும் காட்டுவது, சந்தாவில் சேர்வதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைப்பது என்று பட்டியல் போகிறது. படிக்கும் எவரும் இதில் பாதியையாவது சொந்த அனுபவத்தில் கண்டிருப்பார்கள். புக்மைஷோ ஒவ்வொரு டிக்கெட்டோடும் 1 ரூபாய் நன்கொடையைத் தானாகவே சேர்த்ததும், காப்பீடு வேண்டாம் என்பவருக்கு 'ஆபத்தை ஏற்கிறேன்' என்ற பொருளில் இண்டிகோ வாசகம் வைத்ததும் நுகர்வோர் விவகாரத் துறையின் தலையீட்டுக்குப் பிறகே மாறின.

1 ரூபாய்தானே என்று விட்டுவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொகை சிறியதாக இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் பலம். யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள் என்ற கணக்கில்தான் அது நிற்கிறது.

சந்தா விஷயத்தில் நம் நாடு செய்த ஒன்றை நாமே போதுமான அளவுக்குப் பேசவில்லை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அட்டையிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்கும் நிறுவனம் எதுவானாலும், எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். வேண்டாம் என்றால் அவர் தன் வங்கியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டும். 2022இல் அந்த வரம்பு 15,000 ஆனது. முதலில் 2021 மார்ச் இறுதியோடு நடைமுறைக்கு வருவதாக இருந்த விதி, வங்கிகளும் நிறுவனங்களும் தயாராகவில்லை என்பதால் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. வந்த புதிதில் சந்தாக்கள் அறுந்தன. ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் இந்திய அட்டைகளை ஏற்பதையே 2022இல் நிறுத்திவிட்டது. வளர்ச்சிக்குத் தடை என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் விலகும் பொத்தானை நிறுவனம் எங்கே ஒளித்துவைத்தாலும் வங்கியில் ஒரு பொத்தான் இருக்கும் என்ற நிலை இங்கே வந்துவிட்டது. நான் ஒரு செயலியின் சந்தாவை நிறுத்தப் போனபோது, ஏன் போகிறீர்கள் என்று கேட்டு, பாதி விலை தருகிறேன் என்று சொல்லி, வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள் என்ற பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. வங்கிச் செயலியில் தானியங்கிப் பணப்பிடித்தத்தை நிறுத்தியதோடு வேலை முடிந்தது.

அமெரிக்காவில் இதே பிரச்சினை நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அமேசான் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர். நீண்டுகொண்டே போகும் கிரேக்கப் போர்க் காவியத்தின் பெயர். கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர அமேசான் ஒத்துக்கொண்டது. உள்ளுக்குள் அந்தப் பெயர் புழங்கியது என்றால், திரை நீளமானது என்று கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

மூன்றாவது ரகம் கனமானது: விட்டுப் போக முடியாமை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியது. ஏற்றுக்கொள், இல்லையென்றால் பயன்படுத்தாதே என்பதுதான் அதன் சாரம். சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்பது ஐரோலியில் குடியிருக்கும் எந்த நெல்லைக்காரருக்கும் தெரியும். ஊர்க் கொடை வரி வசூல் வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. பள்ளிக்கூட அறிவிப்பு அதில்தான் வருகிறது. ஹவுசிங் சொசைட்டியின் தண்ணீர் நிற்கும் நேரம் அதில்தான் தெரிகிறது. தனி ஒருவர் வெளியேறினால் அவருக்குத்தான் நட்டம், நிறுவனத்துக்கு ஒன்றும் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காக மற்ற மெட்டா நிறுவனங்களோடு தகவலைப் பகிரக் கூடாது என்ற ஐந்தாண்டுத் தடையையும் சேர்த்தது. 2025 நவம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து தடையை நீக்கியது. என் பார்வையில் அந்தத் தடைதான் மக்களுக்குப் பயன்படக்கூடியது. அபராதத்தை அந்த அளவு நிறுவனம் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போகும்.

மாற்று இல்லாமல் இல்லை. தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ 2021இல் 'அரட்டை' செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் அது திடீரென்று லட்சக்கணக்கில் இறக்கப்பட்டது. நம் ஊர்ச் செயலி என்ற பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகும்படி பெருநிறுவனங்கள் கதவைத் திறக்காதவரை எந்த மாற்றும் ஒரு வாரப் பரபரப்பாகவே முடியும். ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் மூலம் வாட்ஸ்அப்பை அதற்குக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. யூபிஐயில் எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் பணம் அனுப்புகிற நமக்கு இந்த யோசனை புதிதே அல்ல. பணத்துக்குச் செய்ததைச் செய்திக்கும் செய்யச் சொல்லிக் கேட்பதுதான் பாக்கி.

யூபிஐயிலும் எல்லாம் சரியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகத்தான் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பரிவர்த்தனை நடக்கிறது. எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை என்பிசிஐ தள்ளித் தள்ளி 2026 டிசம்பர்வரை கொண்டுவந்திருக்கிறது. மறுபக்கம், பணம் அனுப்புவதற்கு முன் பெறுபவரின் வங்கிக் கணக்குப் பெயரையே காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் இறுதிக்குள் எல்லாச் செயலிகளையும் மாற்ற வைத்ததும் அதே என்பிசிஐதான். அதற்கு முன் யாராலும் தமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொண்டு ஏமாற்ற முடிந்தது. ஒரு வரி மாற்றம், பெரிய பாதுகாப்பு.

நல்ல வடிவமைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க எந்தப் பலசரக்குக் கடைக்கும் போகலாம். அண்ணாச்சி ஒரு கையால் பருப்பு அளந்துகொண்டிருப்பார், மறுகை தராசில் இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஒலிப்பெட்டி, இவ்வளவு ரூபாய் வந்தது என்று உரக்கச் சொல்லும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சரிம்மா, கொண்டு போங்க" என்பார். ஃபோனை எடுக்க வேண்டாம், கண்ணாடி போட வேண்டாம், ஆங்கிலம் படிக்க வேண்டாம், போலி ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஏமாறவும் வேண்டாம். கடைக்காரர் எப்படி வேலை செய்கிறார் என்று யாரோ கடையில் நின்று பார்த்துச் செய்த பொருள் அது. வணிகருக்குப் பெட்டி கொடுத்தால் வாடகை வரும் என்பதால் அந்த அக்கறை வந்தது. வாங்க வரும் வாடிக்கையாளருக்கும், முதியவருக்கும், பார்வையற்றவருக்கும் அதே அக்கறை தானாக வருவதில்லை.

அதற்கு நீதிமன்றம் தேவைப்பட்டது. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் வாங்கவும் ஃபோன் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். உயிரோடிருக்கும் ஆள்தான் என்பதற்கு அது சான்றாம். ஆசிட் வீச்சில் இமை போனவர் எப்படிச் சிமிட்டுவார்? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. சிமிட்டுவதைத் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இந்தக் கட்டுரையின் பொருளில் இதைவிட முக்கியமான ஆவணம் இந்தியாவில் இல்லை என்பேன். 'உனக்குத் தெரியவில்லை' என்ற பழியை 'உனக்காகச் செய்யவில்லை' என்று சட்டத்தின் மொழியில் திருப்பிப் போட்டது அந்தத் தீர்ப்பு.

மொழியைப் பற்றியும் சட்டம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் தகவலை எடுக்கும் முன் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் பார்க்கும் வசதி இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. ஐரோலித் தமிழருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இருப்பிடத்தை வைத்து மொழியைத் தீர்மானிக்கும் செயலி அவருக்கு மராத்தியையோ இந்தியையோ நீட்டும். மும்பையிலிருக்கும் தமிழர், சென்னையிலிருக்கும் மராத்தியர், திருப்பூரிலிருக்கும் பிகாரி என்று இடம் பெயர்ந்து வாழும் கோடிக்கணக்கானவர்களுக்கு மொழி ஊரோடு ஒட்டியதல்ல, ஆளோடு ஒட்டியது. செயலிகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அது ஒன்றுதான்.

எழுதுகிறவர்களின் தரப்பையும் கேட்டேன். இந்தச் சாலையின் வளாகங்களில் வேலை பார்க்கும் தம்பிகள் பலர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: திரையை முடிவுசெய்வது நாங்கள் இல்லை, கிளையன்ட். கிளையன்டிடம் கேட்டால் எண்களைக் காட்டுவார்கள். எத்தனை பேர் அழுத்தினார்கள், எத்தனை நிமிடம் தங்கினார்கள் என்பது எண்ணில் வரும். எத்தனை பேர் குழம்பினார்கள், எத்தனை பேர் வெட்கப்பட்டு ஃபோனைக் கீழே வைத்தார்கள் என்பது எந்த எண்ணிலும் வராது. புதுப்பிப்புகளிலும் இதே கதைதான். பாதுகாப்புக்கான புதுப்பிப்பு அவசியம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அதோடு சேர்த்துப் பொத்தான்களையும் இடம் மாற்றி, கேட்காத ஏஐ வட்டம் ஒன்றையும் ஒட்டி அனுப்புகிறார்கள். பாதுகாப்பை மட்டும் தனியாகக் கொடு என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு போன்றவை இல்லாத காரணத்தால் பாதுகாப்பற்றவை ஆயின. ஜெராக்ஸ் கடைகளுக்கும் அழைப்பிதழ் அடிக்கும் டிடிபி கடைகளுக்கும் அது புதுக் கணினிச் செலவு.

தனி மனிதர் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற சோர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் கூகுளின் ஆண்ட்ராய்டு ஆதிக்கத்துக்கு எதிராகப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் விதித்த 1,337.76 கோடி ரூபாய் அபராதம், மூன்று தனிநபர்கள் கொடுத்த புகாரிலிருந்து பிறந்தது. அதன் விளைவாக 2023 தொடக்கத்தில் இந்திய ஃபோன்களில் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தர கூகுள் இசைந்தது. அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உறுதிசெய்தது, உத்தரவுகள் சிலவற்றை மட்டும் நீக்கியது.

எனவே அடுத்த முறை ஒரு திரை உங்களைக் குழப்பினால் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பணமே போய்விட்டதென்றால் முதலில் 1930க்கு, உடனே கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஃபோனை நீட்டினால், நீங்களே தட்டிக் கொடுத்துவிடாமல், எங்கே தடுமாறினார் என்று கேட்டு அந்தப் புகாரையும் சேர்த்து எழுதுங்கள்.